பச்சைப் பொட்டை அழித்துவிடாதீர்கள்

ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா என்று மலையகம் எங்கும் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும், கல்யாணம், சடங்கு, திருவிழா, கூத்து என்று கெமராவும் மைக்கும் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கும் தம்பி தங்கைகளுக்கும்,



1981ஆம் ஆண்டு ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவுகிற பையனாகச் சேர்ந்தேன். பிறகு படத்தைத் திருத்தும் டச்சிங் வேலை பழகினேன், கெமரா பிடித்தேன், சொந்தமாக ஒரு சின்ன ஸ்டூடியோவும் வைத்தேன். கண் மங்கியதும் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறேன். உங்களில் சிலருடைய பெற்றோரின் கல்யாணப் படம் என் கையால் கழுவியதாக இருக்கும். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

போன மாசியில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை விடியற்காலையிலேயே வந்து வாசலில் நின்றான். அப்பாயி இறந்துவிட்டார், கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும். ஃபோனை நீட்டினான். இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய அக்கா கல்யாணத்தில் எடுத்த படம். எழுபதைக் கடந்த மனுஷியின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கன்னம் பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது.

"அப்பா இதப் பார்த்துட்டு, எங்கம்மா மொகமே இல்லன்னு அழுறாருங்க ஐயா. ஒங்ககிட்ட பழைய படம் ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டான்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். நெற்றி நடுவில் சின்ன வயதில் குத்திய பச்சைப் பொட்டு. அதற்கு மேலே, மயிர்க்கால் தொடங்கும் இடத்தில், கொழுந்துக் கூடையின் கயிறு வருடக்கணக்காக அழுத்திப் பதித்த தடம். கெமரா இரண்டையும் பார்த்துத்தான் இருக்கும். பின்னால் வந்த மென்பொருள் இரண்டையும் தோலில் உள்ள குறையென்று எடுத்துக்கொண்டு துடைத்துவிட்டது.

பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். நெகட்டிவ் உறை ஒவ்வொன்றிலும் பெயர், தோட்டம், டிவிஷன், தேதி நான்கையும் பென்சிலால் எழுத வேண்டும் என்பது என் பழைய முதலாளியின் கட்டளை. அவர் கடையை விற்றபோது அந்தப் பெட்டிகளை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் 1982ஆம் வருடத்து நெகட்டிவ் ஒன்றைக் கண்டுபிடித்தோம். பாஸ்போட்டுக்கு எடுத்த படம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் அல்லவா தெரியும்? நெற்றியில் அந்தப் பச்சைப் பொட்டு ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்தது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அது என்ன பாஸ்போட் என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று கணக்குப் பேசினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய ஒப்பாரிக் கோச்சி ஓடிக்கொண்டிருந்தது. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நிற்கும்வரை, குடும்பம் குடும்பமாக எங்கள் ஸ்டூடியோ படியில் காத்திருப்பார்கள். பாஸ்போட் படத்துக்கு டச்சிங் கூடாது. உள்ள முகம் உள்ளபடி இருக்க வேண்டும். சிரிக்காமல், நேரே பார்த்து, பயந்த கண்களோடு உட்கார்ந்த அந்த முகங்களைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு படமா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அந்த நெகட்டிவில் இருந்த பெண்மணியின் குடும்பம் கடைசியில் போகாமலே நின்றுவிட்டது. அந்தப் படமும் பெட்டியில் தங்கிவிட்டது.

அதே காலத்தில் சுவரில் மாட்டுகிற பெரிய படங்களுக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் மெல்லத் தேய்த்தால் அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே நிழலை எடுப்போம், அம்மைத் தழும்பை எடுப்போம், கன்னத்தை வெளுப்பாக்குவோம். மணப்பெண்ணின் நெற்றியில் பச்சை இருந்தால் அதையும் எடுப்போம். யாரும் கேட்டு நான் செய்யவில்லை. அதுதான் நல்ல வேலை என்று நம்பினேன். இன்றைக்கு ஃபோன் ஒரு நொடியில் செய்வதை நான் ஒரு மணி நேரம் குனிந்திருந்து செய்தேன். ஆகவே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்குத் தகுதி இல்லை. உங்களோடு கூட நின்றுதான் பேசுகிறேன்.

அழகாக்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. அளந்தது அளந்தபடி வரும் படத்தை மனிதர்கள் விரும்புவதில்லை என்பது ஆய்வுக்கூடத்திலேயே தெரிந்த உண்மை. அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் கொடக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் டேவிட் மக்ஆடம் 1950களின் தொடக்கத்தில் முகப் படங்களை வைத்துச் சோதித்தார். உண்மையான தோல் நிறத்தை அச்சாக ஒத்த பிரிண்டைப் பார்த்தவர்கள் ஒதுக்கினார்கள். அவர்களுக்கு அது சிவந்து கனத்துத் தெரிந்தது. அதிகம் பேர் விரும்பிய பிரிண்டை ஆளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளிறி இருந்தது. நிறவியல் அறிஞர் ரொபர்ட் ஹண்ட் நிறத்தைப் படத்தில் திருப்பித் தருவதற்குப் பல இலக்குகள் உண்டு என்று வகை பிரித்தபோது, 'விரும்பப்படும் நிறம்' என்பதையும் அதில் ஒரு வகையாகச் சேர்த்தார்.

நம் தேயிலை மலையே இதற்குச் சாட்சி. 1990இல் ஃபுஜி கம்பெனி வெல்வியா என்ற ஸ்லைட் பிலிமைக் கொண்டுவந்தது. பச்சையை உள்ளதைவிட அடர்த்தியாகக் காட்டும். மங்கிக் கிடக்கும் மலைகூட அதில் தளதளவென்று இருக்கும். உலகமெங்கும் இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அதே பிலிமில் முகத்தை எடுத்தால் தோல் செக்கச் சிவந்துவிடும். முகத்துக்கென்று அடக்கமான நிறத்தோடு வேறு பிலிம்கள் இருந்தன. இலைக்கு ஒரு நியாயம், முகத்துக்கு ஒரு நியாயம் என்பது பிலிம் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. இன்று ஒரே ஃபோன், ஒரே பொத்தான், இரண்டையும் ஒரே அடியில் அழகாக்கிவிடுகிறது.

"அப்படியானால் எதையும் தொடாமல், கெமரா கொடுத்தபடியே கொடுத்தால் உண்மை வந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். வராது. கெமராவுக்கும் ஒரு வளர்ப்பு இருக்கிறது. அது வளர்ந்த வீட்டில் நம் முகம் அதிகம் பழகியதில்லை.

உங்கள் கெமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. காலை ஏழு மணிக்கு நானுஓயாப் பக்கம் மூடுபனி இறங்கி மலை முழுக்க வெள்ளையாக நிற்கும்போது ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணைப் படமெடுங்கள். கெமரா பனியைப் பார்த்து, "வெளிச்சம் கூடிவிட்டது" என்று குறைக்கும். பனி அழுக்குச் சாம்பலாகும். அந்தப் பெண்ணின் முகம் கரிக்கட்டியாகும். பிறகு கொம்பியூட்டரில் ஏற்றினால் முகம் மாவாகும். அங்கேயே, எடுக்கும்போதே, ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டொப் கூட்டி வைத்தால் பனி பனியாகவும் முகம் முகமாகவும் வரும். மாறாக, முகத்தை மட்டும் குறிவைத்து அளந்தால் கெமரா நம் மாநிறத்தையும் கறுப்பையும் சாம்பலுக்கு இழுத்து வெளுக்கும். அப்போது அரை ஸ்டொப்பிலிருந்து ஒரு ஸ்டொப் குறைக்க வேண்டும். இயந்திரத்தின் கணக்கைத் திருத்தும் இந்தக் கைதான் உங்கள் தொழில். உண்மைக்குப் பக்கத்தில் போவதற்கே ஒரு மனிதக் கை வேண்டியிருக்கிறது.

கலர் காலத்திலும் இதே கதைதான். பிரிண்ட் போடும் லேப்களுக்கு கொடக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். முதல் படத்துக்கு இருந்த பெண்ணின் பெயரால் எல்லாவற்றையும் 'ஷெர்லி கார்ட்' என்றே சொன்னார்கள். அவளுடைய தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. மரத் தளபாடம் செய்பவர்களும் சொக்கலேட் செய்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே பிலிமில் கறுப்புப் பக்கத்து நுட்பம் கூடியது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து இருக்கும் கார்ட் வந்தது 1990களில். மென்பொருள் காலத்திலும் இது மாறவில்லை. 2018இல் ஜோய் புவலம்வினியின் ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தது. வெள்ளைத் தோல் ஆண்களிடம் 0.8 சதவீதம்வரை மட்டுமே பிழை. கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம்வரை பிழை.

ஆகவே, துல்லியம் ஒரு பக்கம், அழகு மறு பக்கம் என்று தராசில் வைத்துப் பேசுவது நமக்கு முழுக்கப் பொருந்தாது. நம்மிடம் துல்லியம் என்று வந்ததே யாரோ ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அழகு என்று வந்ததும் அதே அளவுதான். நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: யாருடைய கண்ணுக்கு அழகு? எதைத் துடைத்துவிட்டு வந்த அழகு?

இந்தக் கேள்வியைக் கேட்க நமக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. பொகவந்தலாவையில் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஜூலியா மார்கரெட் கெமரன் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் கையில் கெமரா கிடைத்து, உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரானவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கெய்ன் தோட்டத்து பங்களாவில் இறந்தார். அவருடைய படங்கள் போகஸ் இல்லாமல் கலங்கி இருக்கின்றன, தட்டில் கறையும் கைரேகையும் இருக்கின்றன என்று அன்றைய புகைப்படச் சங்கத்தார் குறை சொன்னார்கள். அவரோ அந்த மென்மையைத் தெரிந்தே வைத்துக்கொண்டார். அவர் எடுத்த டார்வினையும் டெனிசனையும் பார்த்தால், கூர்மையில்லாத படத்துக்குள் ஒரு மனிதர் எப்படி முழுதாக உட்கார முடியும் என்று புரியும். சுருக்கம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது, அந்த ஆள் இருக்கிறார். அழகுக்காகத் துல்லியத்தை விடலாம் என்பதற்கு அவரைவிடப் பெரிய ஆதாரம் இல்லை.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று மிஞ்சியிருக்கின்றன. களுத்துறையில் எடுத்தவை அவற்றில் உண்டு. அன்றைய கொலோடியன் தட்டு நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும், சிவப்பை வாங்காது; அதனால் பழுப்புத் தோல் உள்ளதைவிடக் கறுத்தே பதியும். அப்படியிருந்தும் அந்த முகங்களில் உயிர் இருக்கிறது. ஒன்றுதான் நெஞ்சை உறுத்துகிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரியவர்கள் பெயரோடு இருக்கிறார்கள். இங்கே எடுத்தவர்களில் பலர் 'களுத்துறை விவசாயிகள்' என்பது போன்ற ஒரு தலைப்போடு நிற்கிறார்கள். நிறமும் போகஸும் பிசகியதை மன்னித்துவிடலாம். பெயர் போனதை யாராலும் திருப்பித் தர முடியாது.

இனி ஒலியைப் பற்றி, ஃபோனிலும் யூடியூபிலும் கூத்தும் பாட்டும் பதிவு செய்யும் பிள்ளைகளுக்கு.

தப்பைக் காய்ச்சி அடிக்கும்போது அந்த முதல் அடி காதில் படுவதற்கு முன் நெஞ்சில் படும். ஒரு காலத்தில் விடியலில் பெரட்டு என்ற வேலைக் கணக்கெடுப்புக்கு ஆள் கூப்பிட்டதே தப்புச் சத்தம்தான். ஃபோன் மைக் மனிதப் பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. பெரிய அடி விழுந்ததும் தானாகவே எல்லாச் சத்தத்தையும் அமுக்கும். அடி ஓய்ந்ததும் மெல்லத் தூக்கும். இரைச்சலைக் குறைக்கும் வசதியும் போட்டிருந்தால், தப்பின் தோல் அதிர்வே இரைச்சல் என்று வெட்டப்படும். காமன் கூத்து வீடியோ ஒன்றை ஒரு தம்பி அனுப்பியிருந்தார். படம் நல்ல படம். ஆனால் தப்பு தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டது. அதற்கு மேல் ஒரு சினிமாப் பாட்டையும் ஏற்றியிருந்தார். கேட்க இனிமையாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் காமனை இழந்த ரதி அழும் இடத்தில் அவளுடைய குரல் எங்கே என்று நான் தேடினேன்.

ஒப்பாரியில் இன்னும் கவனம் வேண்டும். ஒப்பாரி சொல்லும் கிழவி ஒரு சுரத்தில் நிற்க மாட்டாள். இரண்டு சுரத்துக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய், மூச்சு உடையும் இடத்தில் உடைவாள். எண்ணெய் தேடும் துறையில் பூமியின் அதிர்வை ஆராய்ந்த அண்டி ஹில்டபிராண்ட் 1997இல் ஓட்டோடியூன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். அது குரலைப் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். மேடைப் பாட்டுக்குப் போடுங்கள், குறையில்லை. ஒப்பாரிக்குப் போட்டால் அழுகை நேராகிவிடும். நேரான அழுகை அழுகையாக இருக்காது.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாக நடந்து நம் பாடல்களைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தார். சொற்கள் பிழைத்தது அவரால். அந்தச் சொற்களைப் பாடிய குரல்களை எழுத்தால் பிடிக்க முடியாது. உங்கள் சட்டைப்பையில் அந்தக் குரலைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. அது பிடித்ததை நீங்களே அழித்துவிடாதீர்கள்.

"வாடிக்கையாளர் கேட்கிறாரே, கொஞ்சம் வெள்ளையாக்குங்க அண்ணே என்று மணப்பெண்ணே சொல்கிறாளே" என்பீர்கள். தெரியும். கடை வாடகை, கெமராத் தவணை, பக்கத்துக் கடைக்காரன் போட்டி எல்லாம் எனக்கும் இருந்தது. கல்யாண அல்பம் ஒரு கனவு; நாட்கணக்காக வெயிலிலும் மழையிலும் நின்ற ஒரு குடும்பம் ஒருநாள் ராஜ வீடாக இருக்க ஆசைப்படுகிறது. அந்த ஆசையை மதியுங்கள். பின்னணியை மெருகேற்றுங்கள், பட்டுச் சேலையை மின்ன வையுங்கள், முகத்துக்கு நல்ல ஒளி கொடுங்கள். கறுத்த முகம் பக்கவாட்டு ஜன்னல் ஒளியில் எவ்வளவு அழகாக ஜொலிக்கும் என்பதை ஒருமுறை எடுத்து அவளுக்கே காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் வெள்ளையாக்கச் சொன்னால் அது அவளுடைய முடிவு. கேட்காதவருக்கு நாமாகச் செய்வதுதான் தப்பு. அந்தத் தப்பைத்தான் நான் வருடக்கணக்காகச் செய்தேன்.

உங்களிடம் நான் கேட்பது நான்கு காரியங்கள்.

முதலாவது, ஃபோனிலும் கெமராவிலும் தானாக ஓடும் அழகு வசதியை அணைத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். வேண்டுமென்றால் போடுவது வேறு. தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பது வேறு.

இரண்டாவது, எவ்வளவு மெருகேற்றினாலும் தொடாத மூலப் படத்தையும் குடும்பத்தின் கையில் கொடுங்கள். அல்பத்தோடு ஒரு பென்டிரைவ் போதும். பாஸ்போட் படத்தை மாற்றம் செய்யாமல் குடிவரவுத் திணைக்களத்துக்கு அனுப்பத் தெரிந்த நமக்கு, அதே நேர்மையை ஒரு குடும்பத்துக்கும் காட்ட முடியும்.

மூன்றாவது, கூத்து, தாலாட்டு, ஒப்பாரி, பெரியவர்களின் பேச்சு எதைப் பதிந்தாலும் ஒலி அளவைக் கையால் குறைத்து வைத்து, தப்பிலிருந்து நாலு பாகம் தள்ளி நின்று, இரைச்சல் நீக்கம் இல்லாமல் ஒரு முழுப் பதிவு எடுத்து வையுங்கள். நாய் குரைக்கட்டும், மழை தகரத்தில் விழட்டும். லயத்து இரவுக்கு அந்தச் சத்தமும் சொந்தம்.

நான்காவது, பெயர் எழுதுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், என்ன தேதி. 2023இல் நாம் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். அந்த 200 வருடத்தில் நம்மைப் பிடித்த படங்களில் கூடை தெரிகிறது, மலை தெரிகிறது, சிரிப்பும் தெரிகிறது. ஆள் யாரென்று தெரிவதில்லை. அதை மாற்றும் வேலை இனி உங்கள் கையில்.

அன்று அந்த நெகட்டிவிலிருந்து ஒரு பெரிய பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பொட்டு இருந்தது, கயிற்றின் தடமும் அந்த வயதிலேயே மெல்லத் தொடங்கியிருந்தது. முப்பது வயது முகத்தை இறந்த அம்மாவின் பேனரில் போடுவதா என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்ததாம். மகன்தான், "இதுதான் எங்கம்மா" என்று சொல்லி முடித்து வைத்தாராம். பிரிண்டை உறையில் போட்டபோது, பழைய உறையில் முதலாளி எழுதிய அதே நான்கு விவரங்களைப் புதிய உறையிலும் பென்சிலால் எழுதினேன். என் கை நடுங்கியது. எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. வாசிக்க முடிகிறது.

அன்புடன்,
உங்களுக்கு முன் இந்தத் தொழில் செய்த ஓர் அண்ணன்,
டிக்கோயா.